சித்தப்பாவின் படையும் சிடி-6 என்னும் புரதமும்

சென்ற ஆண்டு என் மகளுக்கு வரன் பேச வந்திருந்தார்கள். காபி டம்ளரை நீட்டியபோது சட்டைக்கை சற்று மேலேறி, என் வலது முழங்கையில் இருக்கும் வெள்ளைச் செதில் படை வெளியே தெரிந்துவிட்டது. பிள்ளையின் தாயார் டம்ளரை வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, "அது ஒட்டுவாரொட்டிங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, சொரியாசிஸ். தொட்டா ஒட்டாது" என்றேன். தலையை ஆட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை. நான் முப்பது ஆண்டுக் காலம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். வகுப்பில் ஒரு மணி நேரம் பேசக்கூடிய விஷயத்தை வீட்டுக் கூடத்தில் ஒரு வரிக்கு மேல் சொல்ல எனக்கு நா எழவில்லை. மலர்க் குழுவினர் இந்த ஆண்டு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டுமென்று கேட்டதும், அன்று சொல்லாமல் விட்ட மீதியை எழுதுவதென்று தீர்மானித்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கார்வேட்டிநகரம். சித்தூர் மாவட்டம், ஒரு காலத்தில் வட ஆர்க்காட்டின் பெரிய ஜமீன். வேணுகோபால சுவாமி கோயிலும் பெரிய புஷ்கரணியும் இன்றும் இருக்கின்றன. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்தப் பக்கம் போனோம். 1960-ல் எல்லை மாற்றியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்தோம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, அப்பாவுக்கு "நைனா", பாட்டிக்கு "அவ்வா". பிழைப்புக்காகப் பெங்களூர் வந்தது பிறகு.

நைனாவின் தம்பி, என் சின்னச் சித்தப்பா, திண்ணையில்தான் படுப்பார். 1970-களில் நான் சிறுவன். அவருக்கு முழங்கை, முழங்கால், தலை, முதுகு எல்லாம் சிவந்த தட்டுத் தட்டான படை. மேலே மீன் செதில் போல வெள்ளையாக உதிரும். காலையில் அவர் பாயை உதறினால் அவ்வா தனித் துடைப்பத்தால் பெருக்குவாள். தனித் தட்டு, தனிச் சொம்பு. முடி வெட்டுகிறவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஊரில் "பெருவியாதி" என்றே பேசினார்கள். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போகவே யாரும் துணியவில்லை என்பதுதான் உண்மை. அவர் எங்களைத் தொட்டு விளையாடியதில்லை. பிள்ளைகள் மேல் பிரியம் இல்லாதவர் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய வைத்தியக் கதைக்குப் போகுமுன் அழற்சி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அதற்கு எங்கள் பக்கத்திலேயே நல்ல பாடம் உண்டு. கார்வேட்டிநகரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது புத்தூர். எலும்பு முறிந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் தேடி வரும் "புத்தூர் கட்டு" அங்கேதான். எனக்குப் பத்து வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து இடது முன்கை முறிந்தது. நைனா சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் கட்டினார்கள். கை தலையணை மாதிரி வீங்கியிருந்தது. "வீக்கம் வத்த ஏதாவது குடுங்க" என்று நைனா கெஞ்ச, கட்டுப் போட்டவர் சிரித்தார். "வீங்கட்டும் சாமி, வீங்கினாத்தான் கூடும்."

அவர் அனுபவத்தில் சொன்னதைப் பின்னாளில் நான் பாடப் புத்தகத்தில் படித்தேன். எலும்பு கூடுவதன் முதல் கட்டமே அழற்சிதான். முறிந்த இடத்தில் இரத்தம் உறைகிறது, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன, செத்ததை அகற்றுகின்றன, புதிதாகக் கட்டுவதற்கான செல்களை அழைக்கின்றன. தமிழில் "அழற்சி" என்ற சொல் அழல், அதாவது நெருப்பு, என்பதிலிருந்து வந்தது. இலத்தீன்காரர்களும் தீயை வைத்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கு அடையாளம் எழுதி வைத்தார். இன்றும் மாணவர்கள் அதையே மனப்பாடம் செய்கிறார்கள். அடுப்பில் எரிகிற வரை நெருப்பு சமையலுக்கு ஆகும். கூரைக்குத் தாவினால் என்ன செய்வது என்பதுதான் நம் கேள்வி.

சொரியாசிஸில் நெருப்பு கூரைக்குத் தாவிவிடுகிறது. கிருமி இல்லை, காயம் இல்லை, ஆனாலும் தோலில் போர் நடக்கிறது. சாதாரணமாக நம் மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. முற்றாத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிவதே அந்த வெள்ளைச் செதில். இப்படி அவசரப்படுத்துவது யார்? வெகுகாலம் தோலையே குற்றம் சொன்னார்கள். பிறகுதான் தோலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் டி-செல் என்ற வெள்ளணுக்கள் மேல் சந்தேகம் திரும்பியது. அவை சுரக்கும் இன்டர்லியூக்கின்-17 போன்ற சிறு புரதங்கள்தான் தோல் செல்களை விரட்டுகின்றன என்பது இன்று உறுதி. உதிரும் செதிலில் ஒட்டுவதற்கு எதுவுமே இல்லை. அவ்வாவின் தனித் துடைப்பம் வீண்.

இனி வைத்தியம். முதலில் ஒரு சித்த வைத்தியர் "காளாஞ்சகப் படை" என்று பெயர் சொல்லி, வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்த தைலம் கொடுத்தார். கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும். செதில் அடங்கியது, அரிப்புக் குறைந்தது, படை போகவில்லை. சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து ஊரில் ஊசி போடும் ஒருவர் இருந்தார். பெயரும் ஊரும் வேண்டாம், போர்டில் எழுதியிருந்த பட்டம் அவருக்கு உண்டா என்பதே சந்தேகம். ஊசியும் வெள்ளை மாத்திரையும் கொடுத்தார். பத்தே நாளில் தோல் வழுவழுவென்று ஆகிவிட்டது! சித்தப்பா புதுச் சட்டை தைத்துக்கொண்டு புஷ்கரணியில் இறங்கிக் குளித்தார். அவர் குளத்தில் குளித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அது ஸ்டீராய்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் கொடுக்க, படுக்கையில் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ல் கெண்டல், ரைக்ஸ்டைன் இருவரோடு ஹென்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுக்குத் தகுந்த மருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் அது வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். செல்லுக்குள் நுழைந்து, உட்கருவுக்கே போய், அழற்சிக்கான பல மரபணுக்களை ஒரே நேரத்தில் வாயடைக்கிறது. டி-செல் என்றில்லை, உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லுக்கும் அந்தக் கட்டளை போகிறது. ஒரு அடுப்பு எரிகிறதென்று தெருவுக்கே தண்ணீர் அடிப்பது போல. எலும்பு தேய்கிறது, சர்க்கரை ஏறுகிறது, முகம் உப்புகிறது, நாமாகச் சுரக்கும் கார்டிசால் நின்றுபோகிறது.

இரண்டு வருடம் கழித்து ஊசிக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டார். சித்தப்பாவுக்கு மாத்திரை சட்டென்று நின்றது. மூன்று வாரத்துக்குள் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உடம்பு முழுக்கச் சிவந்து, தாள் தாளாகத் தோல் உரிய ஆரம்பித்தது. காய்ச்சல், நடுக்கம். உடம்பு முழுவதும் உள்ளுக்குச் சாப்பிடும் ஸ்டீராய்டைச் சொரியாசிஸ்காரர் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகக்கூடும் என்பது தோல் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். எங்களுக்குத் தெரியவில்லை. பதினெட்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடந்தார். பிழைத்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு திண்ணையை விட்டு அதிகம் இறங்கவில்லை. 1991-ல் காலமானார்.

தெருவுக்கே தண்ணீர் அடிக்காமல், எரிகிற வீட்டுக் கதவை மட்டும் தட்ட முடியாதா என்ற கேள்விக்கு விடை செல்லின் மேல்பரப்பில் இருக்கிறது. நம் செல் ஒவ்வொன்றின் மேலும் ஆயிரக்கணக்கான புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை, அழைப்பு மணி, தாழ்ப்பாள் எல்லாம் இருப்பது போல. வெள்ளணுக்களின் மேல் இருப்பவற்றுக்கு ஆராய்ச்சிசாலைக்கு ஒரு பெயர் வைத்துக் குழம்பியதால், 1982-ல் பாரிசில் கூடி, "சிடி" என்று போட்டு எண் கொடுத்தார்கள். அதில் ஆறாவது எண் பெற்ற புரதம் முக்கியமாக டி-செல்லின் மேல் இருப்பது. வெளியே மூன்று குமிழ், உள்ளே ஒரு நீண்ட வால். வெளியே என்ன தட்டினாலும் சேதி வால் வழியே உள்ளே போகும்.

டி-செல் தானாகச் சண்டைக்குப் போகாது. வேறொரு காவல் செல், தான் கண்டெடுத்த துணுக்கை ஏந்திக்கொண்டு வந்து காட்ட வேண்டும். இருவருக்கும் பொருத்தம் பார்ப்பது ஒரு ஏற்பி. நம் வீட்டுக் காரியம்தான் நினைவுக்கு வருகிறது: பத்துப் பொருத்தம் கூடிவிட்டால் மட்டும் கல்யாணம் நடந்துவிடுவதில்லை. இரண்டு வீட்டாரும் நேரில் உட்கார்ந்து நாலு நாழிகை பேச வேண்டும். யாராவது இடையில் எழுந்து போகாமல் பிடித்து உட்கார்த்தி வைக்க ஒரு மாமா வேண்டும். அந்த மாமாதான் சிடி-6. எதிர்ச் செல்லின் மேல் இருக்கும் சிடி-166 என்ற புரதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, சந்திப்பு முறியாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த சிடி-166 இரத்தக்குழாய்ச் சுவரிலும் தோல் செல்லிலும்கூட உண்டு. ஆகவே டி-செல் தோலுக்குள் போய் உட்காரவும் இந்தக் கைபிடிப்பு உதவுகிறது.

மாமா எப்போதும் காரியத்தை முடித்தே வைப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். சில சோதனைகளில் சிடி-6 டி-செல்லை ஊக்குகிறது, சிலவற்றில் அடக்குகிறது. முடுக்கியா தடையா என்று ஆராய்ச்சியாளர்கள் பல வருடமாக விவாதிக்கிறார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், சிடி-6 இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு மூளைத் தண்டுவட அழற்சி குறைவாகவே வந்தது. 2007-ல் வந்த வேறொரு ஆய்வில், இதே புரதத்தின் வெளிப்பகுதி பாக்டீரியா நச்சைப் பற்றிக்கொண்டு எலிகளை நச்சு அதிர்ச்சியிலிருந்து காப்பாற்றியது. என் எண்ணம், அது இரண்டும்தான். யார் கையைப் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்துச் சேதி மாறுகிறது. பாடப் புத்தகம் ஒரு புரதத்துக்கு ஒரு வேலை என்று எழுதும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

மாமாவின் கையை விலக்கும் கருவி எதிர்ப்பொருள். ஒரே ஒரு இலக்கில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு தயாரிக்கும் வழியை 1975-ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். சிடி-6 மேல் ஒட்டும் அப்படியொன்றை எலிச் செல்லிலிருந்து கியூபாக்காரர்கள் உண்டாக்கினார்கள்! சர்க்கரையும் சுருட்டும் மட்டுமே விளைகிறதென்று நாம் நினைக்கும் நாடு. பிறகு ஹவானாவின் மூலக்கூறு நோய் எதிர்ப்பியல் மையம் அதை மனித எதிர்ப்பொருள் போல மாற்றி அமைத்தது. அதை வாங்கி, மேற்கொண்டு ஆராய்ந்து மருந்தாக்கியது நாம் குடியிருக்கும் இதே பெங்களூரின் பயோகான். பெயர் இடோலிசுமாப். 2013-ல் இந்தியாவில் சொரியாசிஸுக்கு அனுமதி கிடைத்து "அல்சுமாப்" என்று கடைக்கு வந்தது. அது சிடி-6-இன் முதல் குமிழில் ஒட்டுகிறது. டி-செல் சாகவில்லை, அதன் பரபரப்புத்தான் குறைகிறது, இன்டர்லியூக்கின்-17 சுரப்பு இறங்குகிறது. இன்னொரு நல்ல அம்சம்: மற்ற டி-செல்களை அமைதிப்படுத்தும் ஒரு வகை டி-செல் உண்டு, அதன் மேல் சிடி-6 குறைவு. எனவே மருந்து பெரும்பாலும் சண்டைக்காரர்கள் மேல்தான் விழுகிறது.

இந்தியாவில் 225 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 12 வாரத்தில் நோய் முக்கால் பங்கு குறைந்தவர்கள் ஒரு குழுவில் நூற்றுக்கு 27, மற்றதில் 36. போலி மருந்து பெற்றவர்களில் 2 பேருக்குச் சற்று மேல். வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த, இன்டர்லியூக்கின்-17-ஐயே நேராகப் பிடிக்கும் மருந்துகளில் அதே கணக்கு 80-ஐத் தொடுகிறது. நம் ஊர் மருந்து என்பதற்காக இதை மறைக்கக்கூடாது.

"பின்னே எதுக்கு இதைப் பத்தி எழுதறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். நம் நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு, அது காசநோய். அழற்சியின் இன்னொரு தூதுவன் டி.என்.எஃப். என்ற புரதம். அதைப் பிடித்து நிறுத்தும் இன்ஃபிளிக்ஸிமாப் மூட்டுவாதத்துக்கு அருமையான மருந்து. 2001-ல் அமெரிக்காவில் ஒரு செய்தி வந்தது: அந்த மருந்து எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய். நுரையீரலில் எப்போதோ நுழைந்து தூங்கும் காசக் கிருமியைச் சுற்றி நம் வெள்ளணுக்கள் மதில் கட்டி வைத்திருக்கின்றன. அந்த மதிலை நிற்க வைப்பதில் டி.என்.எஃப்.புக்கு முக்கியப் பங்கு. தூதுவனைப் பிடித்தால் மதில் சரிகிறது. அதனால்தான் இவ்வகை ஊசிகளுக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ச் சோதனையும் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது உயிரியல் மருந்து எழுதப்பட்டால், இந்தச் சோதனையைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். தோலில் எரிவதும் நுரையீரலில் காவல் காப்பதும் ஒரே நெருப்பு என்பதால்தான், எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பது இவ்வளவு பெரிய விஷயமாகிறது.

2020-ல் இந்தப் புரதம் எங்கள் வீட்டுக்கே வந்தது. கோவிட்டில் சிலருக்கு வைரஸை விட உடம்பின் அழற்சியே நுரையீரலைக் கெடுத்தது. அந்த ஜூலையில், மூச்சுத்திணறல் முற்றிய கோவிட் நோயாளிகளுக்கு இடோலிசுமாப் தர அவசர அனுமதி கிடைத்தது. ஆதாரம் 30 பேர் ஆய்வு. மருந்து பெற்ற 20 பேரில் யாரும் இறக்கவில்லை, பெறாத 10 பேரில் 3 பேர் இறந்தனர். செப்டம்பரில் என் மைத்துனர் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆக்ஸிஜனில் இருந்தார். நான்கு குப்பி வேண்டும் என்று சீட்டு வந்தது, ஏறத்தாழ 32,000 ரூபாய். "அத்தான், நீங்கதான் இதெல்லாம் படிச்சவரு, வாங்கலாமா சொல்லுங்க" என்று அவர் மனைவி போனில் அழுதாள். எனக்கு சிடி-6 பற்றித் தெரியும், கியூபா பற்றித் தெரியும். ஆனால் முப்பது பேரை வைத்து என்ன சொல்வது? அந்தப் பத்துப் பேரில் இருவர் வேறு காரணத்தால் பிழைத்திருந்தால் கணக்கே மாறிவிடும். அதே ஆண்டு ஜூனில் இங்கிலாந்தில் 6,000-க்கு மேற்பட்டவர்களிடம் சோதித்து, சில ரூபாய் விலையுள்ள டெக்ஸாமெதசோன் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியிருந்தார்கள். டெக்ஸாமெதசோன் எது? சித்தப்பாவை வாழையிலையில் கிடத்திய அதே ஸ்டீராய்டுக் குடும்பம்தான்! சரியான ஆளுக்கு, சரியான நாளில், சில நாள் மட்டும் கொடுத்தபோது உயிர் காத்தது.

"டெக்ஸா போடறாங்களான்னு கேளும்மா" என்றேன். போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊசியையும் வாங்கினோம், வாங்காமல் இருக்க எனக்குத் துணிவில்லை. மைத்துனர் வீடு திரும்பினார். எது காப்பாற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி யாராவது சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எலும்பு மஜ்ஜை மாற்றிய பின் வரும் அழற்சிக்கு இதே மருந்தைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வும் 2025-ல், முதலில் குறித்த இலக்கை எட்டவில்லை என்று செய்தி வந்தது. புரதம் உண்மை, அதன் வேலை உண்மை. எந்த நோய்க்கு எவ்வளவு பயன் என்பது தனிக் கணக்கு.

பிள்ளை வீட்டு அம்மாள் பத்து நாள் கழித்துப் போன் செய்து இரண்டாவது கேள்வியைக் கேட்டார். "வம்சத்துல வருமா?" இது முதல் கேள்வியை விடக் கடினம், நேர்மையானதும்கூட. வரக்கூடும் என்றேன். சித்தப்பாவுக்கு இருந்தது, நைனாவுக்கு இல்லை, எனக்கு ஐம்பதுக்கு மேல் வந்தது. பரம்பரைச் சாய்வு உண்டு. ஆனால் ஒரே கருவில் பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. தொண்டைப் புண், மனக்கவலை, சில மாத்திரைகள் எனத் தூண்டுகோல் வேறு வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். அந்த வரன் கூடவில்லை. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

என் முழங்கைக்கு ஊசியெல்லாம் தேவையில்லை. தோல் மருத்துவர் கொடுத்த வைட்டமின்-டி வகைக் களிம்பு போதுமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் விரல் மூட்டு விறைக்கிறதா, குதிகால் வலிக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். சொரியாசிஸ் சிலருக்கு மூட்டிலும் இறங்கும், விட்டுவிட்டால் மூட்டே உருமாறிப்போகும். மகளிடமும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த வரன் வரும் தை மாதம் வருகிறது. அன்றைக்கு அரைக்கைச் சட்டை போட்டுக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறேன். மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை.